மிதிபடாத வெள்ளை

புதிய போதகரை வரவேற்க அன்று வாவிக் கரைக்கு வந்திருந்தவர்கள்: பெரிய வயல்காரரும் சபை மூப்பர்களில் தலைவருமான போடியார், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் அப்போது ஞானஸ்நானம் பெற்றிருந்த பதினாறு குடும்பத்தார், மிஷன் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள், அவர்களுக்கு வாத்தியாரான நான், கக்கத்தில் இரண்டு சுருள் வெள்ளைத் துணியோடு என் அப்பா. வராதவர்கள் இருவர். பழைய போதகர் மாற்றலாகிப் போய் ஒரு மாதம் ஆகியிருந்தது. மற்றவர் என் அம்மா. "நான் வந்தா துணியத்தான் பாத்திட்டு நிப்பன். ஐயாவப் பாக்க மாட்டன். அது மரியாத இல்ல" என்று வீட்டிலேயே நின்றுவிட்டார். அந்தத் துணியை மூன்று நாள் வெள்ளாவி வைத்து, நீலம் போட்டு, கஞ்சி போட்டுக் காய வைத்தவர் அவர்.

எங்கள் பக்கத்தில் சலவைத் தொழில் செய்பவரைக் கட்டாடி என்பார்கள். அப்பா ஊர்க் கட்டாடி. துணி வெளுப்பது அவருடைய அன்றாட வேலை. அதற்கு மேல் ஒரு வேலை இருந்தது. கலியாணம், சாவு, கோயில் விழா எதுவானாலும், வருகிறவர் கால் மண்ணில் படாமல் வழியில் வெள்ளை விரிப்பது. நிலபாவாடை என்று சொல்வார்கள், பேச்சில் வெறும் பாவாடை. வருகிறவர் முதல் துண்டில் நடந்து இரண்டாம் துண்டில் கால் வைத்ததும், முதல் துண்டை உருவிக்கொண்டு முன்னால் ஓடி மறுபடி விரிக்க வேண்டும். குனிந்தபடி, பின்பக்கமாக நடந்து. இடுப்பு ஒடிகிற வேலை. ஆனால் அந்த நேரத்தில் அப்பாவை யாரும் விலகச் சொல்ல மாட்டார்கள். அவருக்குத்தான் எல்லாரும் விலகுவார்கள்.

கலியாண வீடானால் படி வரை. கோயிலானால் வெளிவாசல் வரை. அதற்கு அப்பால் அப்பாவின் துணியும் போகாது, அப்பாவும் போக மாட்டார்.

எங்கள் பரம்பரையில் எழுத்துப் படித்தவன் நான்தான் முதல். மிஷன் படிக்க வைத்தது, ஞானஸ்நானம் தந்தது, வாத்தியாராக்கியது. அப்பாவிடம் நான் பலமுறை சொல்லியிருக்கிறேன்: "எங்கட ஆலயத்தில வாசல்ல நிப்பாட்டுற பழக்கம் இல்லப்பா. ஆரும் உள்ள வரலாம்."

"சும்மா வாறதுக்கு நான் ஆரு மனே? உள்ள எனக்கு ஒரு வேலயிருந்தா வாறன்" என்பார் அவர்.

ஆண்டவர் நகரத்துக்குள் போனபோது சனங்கள் தங்கள் உடுப்பை வழியில் விரித்த வேதாகமக் கதையை ஒருநாள் வீட்டில் சொன்னேன். அப்பா துணி பிழிந்துகொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"உங்கட ஆண்டவருக்கும் பாவாட விரிச்சவங்களா? ஆரு விரிச்ச?"

"சனங்கதான். போட்டிருந்த உடுப்பக் கழட்டி விரிச்சாங்க."

"அப்ப அந்த ஊர்ல கட்டாடி இல்ல" என்றார் அப்பா. "இருந்திருந்தா அவங்க ஏன் உடுப்பக் கழட்டுற?"

அன்றிலிருந்து அவருக்கு அந்தக் கதையில் ஒரு பிடிப்பு. வாவிக் கரையில் மண்சுவரும் கிடுகுக் கூரையுமாக எங்கள் சிறிய ஆலயம் எழும்பியபோது, புதிய போதகர் வந்து முதல் ஆராதனை நடத்தும் நாளில் வெள்ளை விரிக்கட்டுமா என்று என்னைக் கொண்டு போடியாரிடம் கேட்டார். வாசலோடு நில்லாமல், உள்ளே பிரசங்க பீடம் வரை. போடியார் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு யோசித்தார். "உள்ள வாறத்துக்கு எங்கட சட்டத்தில தடை ஒண்டும் இல்லத்தானே? விரிக்கட்டும்" என்றார். அப்பா அன்று சோறு தின்னவில்லை. சந்தோஷத்தில்தான் என்று அம்மா சொன்னார்.

இதற்குப் பிறகுதான் அந்தக் கடிதம் வந்தது.

புதிய போதகர் யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வயதுதான் இருக்கும். எனக்கு எழுதியிருந்தார்: மாலை வேண்டாம், மேளம் வேண்டாம், எனக்கென்று இருக்கத் தனிக் கதிரை வேண்டாம், வந்து உங்களோடு பாயில் இருப்பேன் என்று. சபைக் கூட்டத்தில் உரக்க வாசித்தேன். பழைய போதகருக்கு அவருடைய கதிரை அவருக்கு முன்னால் தோணியில் வந்து இறங்கும். அவர் அழைக்கும்வரை நாங்கள் மரத்தடியில் நிற்போம். அதனால் இந்தக் கடிதத்தைக் கேட்டுப் பலருக்குக் கண் கலங்கியது. போடியார் மட்டும் கேட்டார்:

"பாவாடையப் பத்தி ஒண்டும் எழுதல்லயே?"

"எழுதல்ல."

"எழுதாதத்த நாம ஏன் வலியக் கேக்கணும்?"

நான் ஒரு வரி எழுதிக் கேட்டிருக்கலாம். தபாலுக்கு நாள் இருந்தது. கேட்டால் வேண்டாம் என்று பதில் வரும் என்று பயந்தேனா? அல்லது, வெள்ளை விரிப்பவர் என் அப்பா என்று போதகருக்கு எழுதக் கூச்சப்பட்டேனா? அப்போதும் எனக்குத் தெரியவில்லை. இப்போது இதை எழுதும்போதும் தெரியவில்லை.

போதகர் வரும் நாளில் தோணி அக்கரையில் கல்லடிப் பக்கமிருந்து வந்தது. தோணிக்காரன் முன்னணியத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை போல உட்கார்ந்திருந்தான். பின்னால் சவள் போட்டுத் தோணியை வலித்துக்கொண்டு வந்தவர் போதகர்.

"என்னடா இது?" என்று போடியார் கரையிலிருந்து கத்தினார்.

"நான் என்ன செய்ய போடியார்? சவளப் பறிச்சித்தார்!"

போதகர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முழங்கால் சேற்றில் குதித்தார். பெண்கள் குரவை போடத் தொடங்கினார்கள். உலர்ந்த மணலிலிருந்து அப்பா முதல் துண்டை வீசினார். அது காற்றில் ஒருமுறை புடைத்து, சுருக்கமில்லாமல் படுத்தது. போடியார் கையைக் காட்டி, "ஐயா, இதால வாங்க" என்றார்.

போதகர் துணியைப் பார்த்தார். சேறு பூசிய தன் கால்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, துணியின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, நேர்த்தியாக மடித்து, அப்பாவின் கைகளில் வைத்தார்.

"எனக்கு இது வேண்டாம் அண்ணை. எல்லாரும் நடக்கிற மண்ணிலைதான் நானும் நடப்பன். வாங்கோ, ரெண்டு பேரும் சேர்ந்து போவம்."

அப்பாவின் தோளில் கை போட்டார். ஒரு போதகர் ஒரு கட்டாடியின் தோளில் கை போட்டதை எங்கள் ஊர் அதற்கு முன் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைத்தானே இத்தனை வருடம் படித்தேன், இதோ கண்ணால் காண்கிறேன் என்று நினைத்தேன். குரவை பாதியில் நின்றுவிட்டதைக் கொஞ்சம் பிந்தித்தான் கவனித்தேன். அப்பாவின் முகத்தை அதற்கும் பிந்தி.

ஆலய வாசல் வரை அப்பா அவரோடு நடந்தார். கை தோளில் இருந்தபடியால் வேறு வழியில்லை. வாசலில் போதகர், "உள்ளுக்கு வாங்கோ" என்றார். அப்பா கையிலிருந்த மடிப்பைப் பார்த்தார்.

"ஐயா போங்க. நான் மறுகா வாறன்" என்று சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் கிறுகி நடந்தார்.

உள்ளே இன்னொரு குழப்பம். போதகர் சொன்னபடி பாயில் சம்மணம் கட்டி இருந்துவிட்டார். அவர் நிலத்தில் இருந்தால் மற்றவர்கள் எங்கே இருப்பது? சமமாக இருக்க மனம் வரவில்லை, அவருக்குக் கீழே இருக்க நிலத்தில் பள்ளமும் இல்லை. பாதிச் சனம் வெளியே மணலில் போய் இருந்துகொண்டது. வீட்டில் மர வாங்கிலேயே இருந்து பழகிய போடியார் முனகிக்கொண்டு நிலத்தில் இருந்தார். ஆராதனை முடிந்து அவரை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

"இவரு இன்னும் கொஞ்சம் பணிஞ்சாரெண்டா, நமக்குக் கிணறு வெட்டித்தான் இரிக்க வேணும்" என்றார் இடுப்பைப் பிடித்தபடி.

போதகர் என்னிடம் வந்து, "அந்த அண்ணை எங்கை? வாறன் எண்டவர் வரேல்லையே?" என்று கேட்டார்.

"அது என்ட அப்பா" என்றேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வீட்டில் அம்மா துணியை விரித்துச் சேற்றைத் தேடினார். "காலடி எங்க?"

"மிதிக்கல்ல" என்றார் அப்பா.

"விரிச்ச தானே?"

"விரிச்சன். மடிச்சுத் தந்தித்தார்."

அம்மா வாயில் கை வைத்தார். இதைப் படிப்பவர்களுக்குச் சொல்ல வேண்டும்: எங்கள் பக்கத்தில் விரித்த வெள்ளையை மிதிக்க மறுப்பது சண்டைக்காரன் செய்கிற வேலை. சம்பந்தி கோபித்துக்கொண்டால் வேலிப் படலையில் நின்று, வெள்ளையில் கால் வைக்காமல் ஓரமாக நடப்பான். உன் மரியாதை எனக்கு வேண்டாம் என்பதற்கு அதைவிடப் பெரிய வசவு கிடையாது. யாழ்ப்பாணத்திலும் வெள்ளை விரிப்பார்கள்தான். ஆனால் அங்கே மிஷன் வளவுக்குள்ளேயே பிறந்து வளர்ந்த ஒருவருக்கு இது எப்படித் தெரியும்? அப்படித் திரும்பி வந்த துணியை உயிரோடிருக்கும் எவருக்கும் மறுபடி விரிப்பதில்லை. சாவுக்கென்று எடுத்து வைப்போம். அப்பா இரண்டு துண்டையும் பெட்டியின் அடியில் வைத்தார்.

அந்தக் கிழமை ஏழு நாளும், அழுக்குத் துணி எடுக்கப் போன வீடுகளில் எல்லாம் கேட்டார்கள்: "என்ன கட்டாடி, ஐயாவுக்கும் உனக்கும் என்ன கொழுவல்?" ஒன்றுமில்லை என்று அப்பா சொன்னால் நம்பவில்லை. ஒன்றுமில்லாமல் யாராவது வெள்ளையைத் திருப்புவார்களா? அடுத்த மாதக் கலியாணத்துக்கு வெல்லாவெளியிலிருந்து வேறு கட்டாடியைக் கூப்பிடலாமா என்று ஒரு வீட்டில் பேச்சு நடந்ததாக அம்மா கேள்விப்பட்டு வந்தார். நான் அப்பாவிடம், அவர் தாழ்மையினால் அப்படிச் செய்தார் என்று விளக்கப் பார்த்தேன்.

"அவரு தாழ்ந்தா நான் எங்க மனே போறது?" என்றார். நான் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டேன்.

அடுத்த கிழமை போதகர் தானாகவே எங்கள் வீட்டுக்கு வந்தார். வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் அவருடைய வெள்ளை அங்கி தெரிந்ததுமே அப்பா பின்பக்கத்தால் துணி வெளுக்கும் குளத்துக்கு ஓடிவிட்டார். போதகர் அடுக்களை வாசலில் தரையில் இருந்தார். அம்மா இழுத்துப் போட்ட வாங்கை மெல்லத் தள்ளி வைத்தார். அவருக்கு முதுகைக் காட்டக் கூடாது என்று அம்மா திரும்பாமலே நின்றதில், அடுப்பில் கறி அடிப்பிடித்து மணந்தது.

"அம்மா, ஏதோ கருகுது."

"கருகட்டும் ஐயா. நீங்க இரிங்க."

தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, அப்பா இருக்கும் இடத்தைக் கேட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு குளத்துக்கு நடந்தார். இந்த முறை அப்பாவுக்கு ஓட இடமில்லை. முன்னால் போதகர், பின்னால் தண்ணீர்.

"அண்ணை, நான் பிழை விட்டிட்டனோ?"

"ஐயா பிழ விடுவீங்களா? ஐயாட காலு. மண்ணு எல்லாருக்கும் சொந்தம்."

"நான் உங்களைவிடப் பெரியவன் இல்லை எண்டு காட்டத்தான்…"

"அது எனக்கும் தெரியும் ஐயா" என்றார் அப்பா.

போதகர் சிரித்துவிட்டார். அப்பா சிரிக்கவில்லை. கையிலிருந்த துணியை முறுக்கிக்கொண்டே சொன்னார்:

"பெரியாக்களுக்குத்தான் விரிக்கிற எண்டு ஐயாவுக்கு ஆரு சொன்ன? பொணத்துக்கும் விரிக்கிற. பெரியபுள்ளயான குமருக்கும் விரிக்கிற. வாறவருக்கு விரிக்கிற, அவ்வளவுதான். நான் உள்ள வரத்தான் அண்டைக்கு விரிச்ச. பாவாடைக்குப் பின்னால ஐயா வருவீங்க, முன்னால நான் போவன் எண்டு நினைச்ச. ஐயா வாசலுக்கு முன்னமே மடிச்சித்தீங்க."

போதகர், என்ன செய்வதென்று தெரியாதவர் கையில் கிடைத்ததைச் செய்வது போல, கரையிலிருந்த ஈரத்துணி மூட்டையைத் தூக்கித் தன் தோளில் வைத்தார்.

"ஐயா, வைங்க! போடியார் கண்டாரெண்டா என்ட முதுகுத்தோல உரிச்சிருவார்!"

"நான் கொண்டு வாறன் அண்ணை, பரவாயில்லை."

"பரவாயிருக்கு ஐயா! தாங்க!"

இருவரும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். முடிச்சு அவிழ்ந்து, வெளுத்த துணி முழுவதும் குளத்துச் சேற்றில் கொட்டியது. அப்பா தலையில் கை வைத்தார். போதகர் உடனே அங்கியை இடுப்பில் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, கையில் அகப்பட்ட சட்டையைக் கல்லில் ஓங்கி அடித்தார். அது போடியாரின் சட்டை. நாலு பொத்தான் நொறுங்கிவிட்டது. அப்போதுதான் அப்பாவின் வாய் கொஞ்சம் கோணியது. சிரிப்பா, அழுகையா என்று எனக்கு விளங்கவில்லை.

"அப்பிடி அடிச்சா நெல்லுத்தான் உதிரும் ஐயா. தாங்க இஞ்ச."

திரும்பி வரும்போது போதகர் என்னைக் கேட்டார்: "தம்பி, நான் மாலை, மேளம், கதிரை எண்டு எழுதினன். இதைப் பற்றி நீர் ஏன் ஒரு வரி எழுதிக் கேக்கேல்லை?"

நான் நிலத்தைப் பார்த்தேன்.

"பழைய ஐயாவிட்டைக் கேக்கப் பயந்திருப்பீர். எனக்கும் பயந்தனீரோ? அப்ப நான் பாயிலை இருந்து என்ன பிரயோசனம்?"

அவர் குரலில் கோபம் இல்லை. கோபித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எதற்குப் பயந்தேன் என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. பாயில் இருக்கும் ஒருவரிடம் பேசுவது கதிரையில் இருப்பவரிடம் பேசுவதைவிட ஏன் கடினமாயிருந்தது என்று எத்தனையோ நாள் யோசித்துவிட்டேன்.

அறுவடைத் தோத்திரத்துக்கு மறுபடி விரிக்க வேண்டும் என்று போதகர் கேட்டனுப்பினார். பழைய துணி ஆகாது, புதிது வேண்டும் என்றார் அப்பா. உலக யுத்த காலம். இடுப்பில் கட்டும் சாரத்துக்கே துணி கிடைக்காது, எல்லாம் அரசாங்கம் அளந்து தரும் கூப்பனுக்குத்தான். போதகர் தனக்கு அங்கி தைக்க வைத்திருந்த கூப்பன்களைக் கொடுத்தனுப்பினார். முழுவதையும் வாங்க அப்பா சம்மதிக்கவில்லை. பாதி எங்கள் வீட்டுக் கூப்பன் என்று பேசி முடிந்தது. அந்த வருடம் அம்மாவுக்குச் சேலை இல்லை.

அண்ணன் முறையில் நாங்கள் நானா என்றழைக்கும் காத்தான்குடிக் கடை முதலாளி கூப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "போதகர்ர கூப்பனா தம்பி? அங்கி தைக்கவா?"

"இல்ல நானா. அவர் கால் வைக்க."

"காலுக்கா?" அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டார். "அல்லாவே, தலைக்குப் போடத் துணியில்லாத காலத்தில காலுக்குத் துணி! நல்லா யோசிச்சித்தானா வந்த?"

தோத்திர நாளில் அப்பா மறுபடியும் கரையில் நின்றார். இந்த முறை அம்மாவும் வந்திருந்தார். தோணிக்காரனே தோணியை வலித்தான். போதகர் காலைக் கழுவிக்கொண்டு வெள்ளையில் ஏறினார். தூங்கும் குழந்தையைத் தாண்டுகிறவர் போல ஒவ்வொரு அடியாக வைத்தார். அவருக்கு அது எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று முகத்தில் தெரிந்தது. அப்பா குனிந்து, பின்பக்கமாக, விரித்து உருவி விரித்துப் போய்க்கொண்டிருந்தார்.

வாசலில் அப்பாவின் கால் தானாக நின்றுவிட்டது. நாற்பது வருடம் நின்று பழகிய கால். போதகரும் துணியின் மேல் அப்படியே நின்றார். கை நீட்டவில்லை, வாங்கோ என்று சொல்லவில்லை. வெயிலில் காத்துக்கொண்டு நின்றார். பின்னால் சனம் முட்டி மோதியது. "என்னவாம்? ஏன் நிக்கிற?" என்று போடியார் கேட்டது எனக்குக் கேட்டது. பிறகு அப்பா நிமிர்ந்து துணியை உள்ளே வீசினார். அது பீடத்தடி வரை போய் விழுந்தது. அதன் பின்னால் அவரும் உள்ளே போனார்.

பீடத்துக்கு முன்னால் போடியார் ஒரு கதிரை போட்டு வைத்திருந்தார். போதகர் அதைப் பார்த்தார், போடியாரின் இடுப்பைப் பார்த்தார், கதிரையிலேயே இருந்தார். சனம் முழுவதும் பெருமூச்சு விட்டுக்கொண்டு உள்ளே வந்து இருந்தது. அப்பா மட்டும் நின்றார். துணியைச் சுருட்டி முடித்து, அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, என்ன செய்வதென்று சுற்றிப் பார்த்தார்.

"இருங்கோ அண்ணை" என்றார் போதகர்.

"மிதிச்ச துணியோட இரிக்கேலா ஐயா. கழுவித்து வாறன்."

போனார். ஆராதனை முடியும் வரை வரவில்லை. எனக்கு அன்று பெரிய ஏமாற்றம். ஆனால் அடுத்த ஞாயிறு விடியற்காலையே வாசலில் நின்றார், கழுவிக் கஞ்சி போட்ட துணியோடு. அதற்கடுத்த ஞாயிறும். விரித்துக்கொண்டு உள்ளே வருவார், சுருட்டுவார், சுவரோரமாக நின்று பிரசங்கத்தைப் பாதி வரை கேட்பார், துணியைத் துவைக்கப் போய்விடுவார். ஞானஸ்நானத்தைப் பற்றிக் கேட்டால், "எனக்குத்தான் உள்ள வேலயிரிக்கே" என்பார். மாலையும் மேளமும் கதிரையும் வேண்டாம் என்று எழுதிய போதகர், படுவான்கரைக்கு வருகிற ஒவ்வொரு ஞாயிறும் வெள்ளையில் நடந்து கதிரையில் இருந்தார், முழங்கையில் ஒட்டுப் போட்ட பழைய அங்கியோடு. பணிந்தது யார் என்று என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கேட்டால் நான் என்ன சொல்வேன்? நல்ல வேளை, யாரும் கேட்கவில்லை.

பதினாறு யார் நீளத் துணி, ஓரம் தைத்த கூலி, காத்தான்குடிக்குப் போய் வந்த தோணிக் கூலி, போடியாரின் சட்டைக்கு நாலு பொத்தான்: போதகர் பாதி, அப்பா பாதி, எல்லாமாகச் செலவு பதினெட்டு ரூபாய் அறுபது சதம்.